விக்கிரவாண்டி தாண்டிட்டோம்

கத்திரி வெயிலில் திண்டிவனத்துக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கோவைக்காரர்கள் மே மாதத்தில் ஊட்டிக்குப் போவார்கள், முடியாதவர்கள் வால்பாறைக்குப் போவார்கள். பம்பு செட் கம்பெனியில் கணக்கு எழுதும் நான் மட்டும் விழுப்புரம் மாவட்டத்துக்குப் புறப்பட்டேன். அக்கா கூப்பிட்டாள் என்று சொல்லி வைத்தேன். ஒரு பழைய காரில் ஏறி முக்கால் மணி நேரத் தூரம் போய்வரத்தான் இத்தனை தூரம் போகிறேன் என்று சொல்லியிருந்தால் பரிதாபம் இன்னும் கூடியிருக்கும்.

அக்கா வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. எனக்கு மாமா. கோவைக்கு லாரி ஓட்டி வந்த நாளில் அக்காவைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். அது தனிக்கதை, எழுதினால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். பிறகு லாரியை விட்டுவிட்டு, சிநேகிதர் சவரிமுத்துவோடு சேர்ந்து ஒரு பெட்ரோல் அம்பாசடரை வாங்கினார். திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தில் எத்தனையோ பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வண்டியில்தான் ஊர்வலம் போனார்கள். போகும்போது ஒருவர் ஓட்டினால் வரும்போது மற்றவர் ஓட்டுவார். ஏசி இல்லாத காரில் எந்தப் பெண்ணும் ஏறமாட்டாள் என்ற காலம் வந்ததும் வண்டி மாமா வீட்டுக் கொட்டகையில் ஒதுங்கிவிட்டது.

சவரி அண்ணன் விழுப்புரத்தில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். சர்க்கரை வியாதி கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. நாகர்கோவிலில் இருக்கும் மகள் பிடிவாதமாகக் கூப்பிட்டதால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரேயடியாக அங்கே போகிறார். போகிறவர் மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஸ்டேஷன் வரைக்கும் நம்ம வண்டில கொண்டுபோய் வுடுடா ஏழுமல. கண்ணு கொஞ்சம் தெரியறப்பவே ஒரு தபா அதுல குந்திக்கினு போவணும்."

மாமா சரி என்று சொல்லிவிட்டார். வண்டி ஓடுமா என்று அதற்குப் பிறகுதான் பார்த்தார். மாமாவைத் தனியாக அனுப்ப அக்காவுக்குப் பயம். அதனால் எனக்கு அழைப்பு. வண்டி தள்ள ஆள் வேண்டும் என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அனல் முகத்தில் அறைந்தது. எங்கள் ஊர் வெயிலில் பாலக்காட்டுக் காற்று கொஞ்சம் கலந்திருக்கும். இந்த ஊர் வெயிலில் ஒரு கலப்படமும் இல்லை. ஷேர் ஆட்டோவில் என்னருகே உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் ஒரு கூடை வேர்க்கடலை. "கடலைக்காய் என்ன விலைங்க?" என்றேன். அந்த அம்மாள் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது மல்லாட்டம்மா. நீ எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு, ஒரு கை அள்ளி என் பையில் போட்டாள். காசு கொடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

அக்காவின் பேச்சு பாதி கோவை, பாதி திண்டிவனம் என்று ஆகிவிட்டது. "வந்துட்டியா அம்மிணி, இன்னா இப்பிடி எளச்சிக்கினு வந்துருக்க?" என்றாள். மதியம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். எங்கள் வீட்டில் ராகி என்றால் டாக்டர் சொன்னதால் குடிக்கும் கஞ்சி. இங்கே அது சாப்பாடு. களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுத்தார். நான் மென்றேன். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. இரண்டு நாளில் அந்த வீட்டில் சிரிப்பே இல்லாமல் போகப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் பாஷா பாய் வந்தார். திண்டிவனத்தில் பழைய கார் பார்க்கிற மெக்கானிக், மாமாவுக்கு நெடுநாள் பழக்கம். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உடனே போகவில்லை. ஒரு நொடி யோசித்து, இரண்டு முறை இருமி, அப்புறம்தான் நகர்ந்தது. மாப்பிள்ளை பிடிக்காத பெண் மணவறைக்கு வருகிற மாதிரி வந்தது.

"பெட்ரோலு கெட்டுப்போய்க்கீதுண்ணே," என்றார் பாஷா பாய். "இத்தினி வருசம் டேங்க்ல கெடந்து பிசினாயிட்ச்சி. கார்பரேட்டர்ல ஜெட்டு அடச்சிக்கினுகீது. வண்டி மேல தப்பில்ல."

பழைய பெட்ரோலை வடித்தார். கார்பரேட்டரைக் கழற்றி, பித்தளையில் சின்னச் சின்ன ஓட்டைகள் கொண்ட ஜெட்களை ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி மாட்டியதும் வண்டியின் குரலே மாறிவிட்டது. நாங்கள் மூவரும் ஓமந்தூர் வரை ஓட்டிப் பார்த்தோம். ஓர் இடத்திலும் திக்கவில்லை. ஓமந்தூரில் நுங்கு தின்றோம். பாஷா பாய் பானெட்டைத் தட்டிக்கொடுத்து, "நாளிக்கி ராஜா மாதிரி போய்ட்டு வாங்க," என்றார். திரும்பும் வழியில் மாமா டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் வண்டியைத் துடைத்த துடைப்பில் பழைய பெயிண்ட் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா எனக்கு முன்னாலேயே எழுந்து சந்தனம் கரைத்து வைத்திருந்தாள். இத்தனை வருடம் கழித்து வண்டி நல்ல காரியத்துக்கு வெளியே போகிறது, பூஜை போடாமல் அனுப்ப அவளுக்கு மனசு வருமா? இரண்டு விளக்கு, பானெட், கண்ணாடி, ஸ்டியரிங், நாலு சக்கரம், நம்பர் பலகை, டிக்கி, பெட்ரோல் மூடி, கதவுக் கைப்பிடி, ஒன்றையும் விடவில்லை. குழைத்துக் குழைத்துத் தடிமனாக அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். கற்பூரம் காட்டினாள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். நாலாவது கொஞ்சம் வதங்கியிருந்தது. "பரவால்ல வை," என்றார் மாமா, நேரமாகிறது என்று. பழங்கள் நசுங்க, வண்டி தெருவில் இறங்கியது.

வேண்டிய அளவு நேரம் கையில் இருந்தது. சவரி அண்ணனின் ரயில் மத்தியானம்தான். வீட்டுக்குப் போய் டீ குடித்து, சாமான்களை ஏற்றி, பழைய கல்யாண ஊர்வல நாட்களைப் போல டவுனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஸ்டேஷனுக்குப் போவது என்று மாமா திட்டம் போட்டிருந்தார். சவரி அண்ணன் முன் சீட்டில், நான் பின்னால். ஒருவேளை கண் தெரிந்தால் ஸ்டேஷன் ரோட்டில் ஆளில்லாத இடத்தில் கொஞ்ச தூரம் ஓட்டக் கொடுப்பாராம். நான் என் சீட்டு பெல்ட்டைத் தேடினேன். அப்படி ஒன்று அந்த வண்டியில் இல்லவே இல்லை.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் வண்டி ஒரு முறை இழுத்தது. பிறகு மறுபடி. மாமா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. முன்னும் பின்னும் உலுக்கிவிட்டு, சாலையோரப் புளியமரத்தடியில் தானாகவே நின்றுவிட்டது. நிழலைப் பார்த்து நின்ற அளவுக்கு அதற்கு அறிவிருந்தது.

"சூடு," என்றார் மாமா. "பெட்ரோல் பம்பு சூடாயி ஏர் லாக் ஆயிருக்கும். இந்தக் கத்திரில அது இன்னா பண்ணும் பாவம்." என் துண்டைத் தண்ணீரில் நனைத்து பம்பின் மேல் போர்த்தினார். டீக்கடையில் டீ குடித்தோம். அந்த நேரம் பார்த்து சவரி அண்ணனிடமிருந்து போன்.

"எங்கடா இருக்க?"

"தோ, கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன். வந்துக்கினே கீறேன்," என்றார் மாமா, டீ கிளாஸும் கையுமாக.

நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தானே. வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஏறிவிட்டதாகச் சொல்வோம். நானும் சிரித்துக்கொண்டேன். டீ முடிந்து வந்து சாவியைத் திருப்பியதும் வண்டி ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது. "பாத்தியா? ஈரத்துணி போட்டாப் போதும்," என்றார் மாமா.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி அதே கதை. இழுப்பு, உலுக்கல், நிற்பு. பம்பைத் தொட்டுப் பார்த்தேன், துணி இன்னும் ஈரமாகவே இருந்தது. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. சூடு என்று மறுபடி சொல்ல வழியில்லை. எங்களைத் தாண்டி ஏசி பஸ்களும் கார்களும் பறந்தன. ஒரு காரில் வந்தவர்கள் ஜன்னலை இறக்கி அம்பாசடரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உதவி வேண்டுமா என்று கேட்கவில்லை.

மாமா பாஷா பாய்க்குப் போன் போட்டுக் கத்தினார். "இன்னா வேல பண்ணிவெச்ச நீ? நேத்து நல்லா இருந்த வண்டி இன்னிக்கி ரோட்ல நிக்குது. ஜெட்ட ஒழுங்கா க்ளீன் பண்ணியா, இல்ல பேச்சுதானா?"

எதிர்முனையில் பாஷா பாயின் குரல் எனக்கும் கேட்டது. "பேஜார் பண்ணாதண்ணே. கார்பரேட்டரு பக்கா. ஆஃப் ஆவுதுன்னா கரண்ட்டப் பாரு. டிக்கில பழைய கண்டன்சர் ஒண்ணு போட்டு வெச்சேன், அத மாத்து. பிளாட்டினம் பாயிண்ட்ட தேச்சி வுடு."

மாமா தரையில் துணி விரித்து உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார். பொறி பறக்கும் அந்தச் சின்ன முனைகளை உப்புத்தாளால் தேய்த்தார். வழியில் வந்த ஒருவர் பைக்கை நிறுத்தி, "பெட்ரோலு கீதா சார்?" என்று கேட்டார். மாமாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பெட்ரோல் இல்லாம வண்டி எடுக்கற ஆளா நானு? நேத்துதான் கழுத்து வரைக்கும் ரொப்பினேன்." மனிதர் பயந்து போய்விட்டார். நல்லெண்ணத்தில் கேட்டவர்தான். அவர் கொஞ்சம் பிடிவாதக்காரராக இருந்து மூடியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பிற்பாடு எத்தனை முறை நினைத்தேன்!

அப்போது சவரி அண்ணன் மறுபடி கூப்பிட்டார். மாமாவின் கையெல்லாம் கிரீஸ். நான்தான் போனை அவர் காதில் பிடித்தேன்.

"ஏழுமல, பக்கத்து வூட்டுப் பையன் கார எடுத்துக்கினு வந்து நிக்கறான். ஸ்டேஷன்ல வுடறேன்னு சொல்றான். இன்னா சொல்லட்டும்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், போகச் சொல்லுங்கள் என்று. மாமா போனில் சொன்னார்: "அவன அனுப்பிடு. நாங்க விக்கிரவாண்டி தாண்டிட்டோம்."

சுங்கச்சாவடியே கண்ணுக்கு எதிரே இருந்தது, அதைத் தாண்டினால்தான் விக்கிரவாண்டி. என் கோபத்தை அடக்கிக்கொண்டு, "ஏனுங் மாமா, உண்மையச் சொல்லிரலாமில்லீங்க? அவருக்கும் இந்த வண்டியப் பத்தித் தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும்மா. அவனுக்குத் தெரியாததா?" என்றார் மாமா. "ஆனா அவன் சந்தோசமா குந்திக்கினு இருக்கான். வண்டி நின்னுப்போச்சின்னு எப்பிடி சொல்றது? நம்ம வண்டி, ரோட்ல நின்னதே கெடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தவன் அவன்."

"வண்டிய இங்கயே விட்டுப்போட்டு பஸ்ல போயிரலாங்களா?"

"பஸ்ல போயி, அவன பஸ்ல ஏத்திக்கினு வர்றதா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். கூடையில் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டு வந்த பெண்ணிடம் ஒரு பொட்டலம் வாங்கி, வெந்தும் வேகாததுமாக மென்றுகொண்டு நின்றேன். கண்டன்சர் மாறியது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட்! மாமா நெற்றியில் கிரீஸ் கையாலேயே தட்டிக்கொண்டார். "கண்டன்சர்தான். பாய்கிட்ட கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்."

முண்டியம்பாக்கம் நெருங்கும்போது மூன்றாம் முறை. இந்தத் தடவை கரும்பு லாரி ஓட்டுகிற ஒருவர் தானாக இறங்கி வந்தார். பெட்ரோல் வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றி, வாயை வைத்து டேங்க் பக்கமாகப் பலமாக ஊதினார். பின்னால் டேங்க்குக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. "குப்ப அடச்சிக்கினு இருந்துது, போயிட்ச்சி," என்று வாயைத் துப்பிக் கொப்பளித்தார். வண்டி கிளம்பியது, முன்னைவிட நன்றாகவே கிளம்பியது. எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் வந்தது, அதுதான் கொடுமை. ஒரேயடியாக நின்றிருந்தால் இறங்கிப் பஸ் ஏறியிருப்போம்.

நேரத்தைப் பார்த்தேன். டவுனைச் சுற்றுவது போயிற்று. டீ போயிற்று. வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டு நேரே ஸ்டேஷன் போனால் சரியாக இருக்கும்.

விழுப்புரம் எல்லையில், போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே, வண்டி நான்காம் முறை நின்றது. பின்னால் பஸ்காரர் ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நானும் மாமாவும் இரண்டு பழ வியாபாரிகளும் சேர்ந்து ஓரமாகத் தள்ளினோம். எனக்கு வந்த அழைப்பின் உண்மையான காரணம் அப்போது நிறைவேறியது. மாமா பானெட்டைத் திறந்தார், உள்ளே பார்த்தார், ஒன்றையும் தொடவில்லை. எதைத் தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

போன் வந்தது. இந்தத் தடவை மாமா எடுக்கவில்லை, நான் எடுத்தேன்.

"நான் ஆட்டோல ஸ்டேஷனுக்கு வந்துட்டேம்மா," என்றார் சவரி அண்ணன். குரலில் கோபமே இல்லை. "வூட்டு வாசல்ல கடைசி வரைக்கும் நின்னு பாத்தேன். இதுக்கு மேல லேட்டாயிடும். அவன இங்க வரச் சொல்லு. ஏறாட்டியும் பரவால்ல, மொகத்தப் பாத்துட்டாவது போறேன்."

அம்பாசடரைப் பழ வண்டிக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு ஜல்தியாகத்தான் ஓட்டினார். விழுப்புரம் ஜங்ஷன் பெரியது. நாகர்கோவில் ரயில் எந்த மேடை என்று கேட்டு, படியேறி, மேல்பாலத்தில் ஓடி, படியிறங்கும்போது ரயில் நகர ஆரம்பித்துவிட்டது.

சவரி அண்ணனை நான் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம், காரில் போவதற்காக உடுத்திக்கொண்ட உடுப்பு. மாமா கையைத் தூக்கி, "சவரி! சவரி!" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடினார். சவரி அண்ணனின் கண் எங்கள் மேல் பட்டது. பட்டும் நிற்கவில்லை. எங்களைத் தாண்டி டீ ஸ்டால் பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டிப் போனது. அவருக்கு எங்களைத் தெரியவில்லை. ஜன்னல் கடந்து போயிற்று.

மேடை சீக்கிரம் காலியாகிவிட்டது. மாமா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் வாங்கி வந்தேன், அவர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரயிலிலிருந்து சவரி அண்ணன் கூப்பிட்டார். மாமா ஸ்பீக்கரில் போட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கடா இருந்த நீ? நெசத்தச் சொல்லு."

அப்போதுதான் மாமா நிஜத்தைச் சொன்னார். கூட்டேரிப்பட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அந்த வயதில் ஓர் ஆண் ரயில்வே மேடையில் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. சவரி அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"இழுத்து இழுத்துதான் நிக்குதா? பட்டுன்னு ஆஃப் ஆவலியே?"

"இழுத்துதான்."

"கொஞ்ச நேரம் சும்மா வுட்டா தானா எடுக்குதா?"

"எடுக்குது."

"டேங்க் மூடியத் தொறந்து பாத்தியா?"

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மூடில காத்துப் போவ ஒரு ஓட்ட இருக்கும்டா. அது அடச்சிக்கினா பெட்ரோலு எறங்காது. காத்து உள்ள போனாத்தான பெட்ரோலு வெளிய வரும்? செஞ்சில அந்தக் கல்யாணத்தப்ப மூடில சேறு அடிச்சி இப்பிடித்தான் ஆச்சே, மறந்துட்டியா?" என்றார். பிறகு மெதுவாக, "விக்கிரவாண்டி தாண்டிட்டேன்னு சொல்லாம, நின்னுப்போச்சின்னு சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே ஏழுமல," என்றார். ரயில் ஏதோ பாலத்தில் ஏறியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு சத்தம்தான் கேட்டது.

காரிடம் திரும்பி வந்தோம். மாமா பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று டேங்க் மூச்சு இழுத்தது. மூடியைத் திருப்பி வெயிலில் பார்த்தோம். மேலே அக்கா அப்பிய சந்தனம் காய்ந்து கெட்டியாகிப் பத்துப் போட்டிருந்தது. நடுவே குங்குமம் அழுத்திய இடம்தான் அந்த ஓட்டை. டேங்க் நிறைய இருந்ததால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் மூச்சு முட்டும். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று கசியும். ஈரத்துணி, கண்டன்சர், லாரிக்காரரின் ஊதல், எல்லாவற்றுக்கும் நல்ல பெயர் கிடைத்தது அப்படித்தான். நாங்களும் நம்பினோம்.

மாமா கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். "இத உங்க அக்காகிட்ட சொல்லாத," என்றார்.

திரும்பி வரும்போது அந்த வண்டி ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு திக்கல் இல்லை, இருமல் இல்லை. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, எல்லாம் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின. முன் சீட்டு காலியாகவே இருந்தது. நான் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன், முன்னால் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

வழியில் பாஷா பாய் கடையில் நிறுத்தினார் மாமா. "உம்மேல தப்பில்ல பாய். மூடில ஓட்ட அடச்சிக்கினு இருந்துது." பாஷா பாய் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போன்ல அத நான் கேக்கலியேண்ணே. கேட்டிருக்கணும். நீ கத்தினதும் எனக்கும் கோவம் வந்துட்ச்சி." இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு சோடா குடித்தார்கள்.

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "இன்னா ஆச்சிங்க?" என்றாள்.

"வண்டி சூடாயி நின்னுட்ச்சி. அவன் போய்ட்டான்."

அக்கா அப்படியே உட்கார்ந்தாள். "அந்த நாலாவது எலுமிச்சம்பழம்," என்றாள். "வதங்கிக்கினு இருந்துதுங்க. வேணான்னு மனசு சொல்லிச்சு. நல்லதா ஒண்ணு வாங்கியாந்து வெச்சிருக்கலாம். என்னாலதான் ஆச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சொன்னால் சந்தனத்துக்காக அழுவாள், சொல்லாவிட்டால் எலுமிச்சம்பழத்துக்காக அழுகிறாள். அவளைக் காப்பாற்ற வழியே இல்லாமல் இருவரும் நின்றோம். அன்று இரவுச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை.

நான்காம் நாள் நான் ஊருக்குப் புறப்பட்டேன். பேருந்து நிலையம் வரை அம்பாசடரில் கொண்டுவிடுகிறேன் என்றார் மாமா. அக்கா விடியும்போதே கடைக்குப் போய்ப் பளபளவென்று நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தாள். மறுபடி சந்தனம். விளக்கு, பானெட், ஸ்டியரிங், சக்கரம் என்று போய், பெட்ரோல் மூடியில் நேற்றையதைவிட இன்னும் தடிமனாக, இன்னும் அழுத்தமாக வைத்தாள். "இந்த வாட்டி எதுவும் ஆவாது," என்றாள். மாமா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

எனக்கு வழிக்குக் கட்டிய சோற்றை எடுத்துவர அக்கா உள்ளே போனாள். மாமா என் பக்கம் கையை நீட்டினார். என் புடவையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். குங்குமத்தின் நடுவில், வெளியே பார்த்தால் தெரியாதபடி, நுனியை மெல்ல இறக்கி ஓட்டையைத் திறந்துவிட்டார். ஊக்கைத் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. சவரி அண்ணன், நாகர்கோவிலிலிருந்து.

"எங்கடா இருக்க?"

"தோ..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த மாமா நிறுத்திக்கொண்டார். வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"வூட்லதாண்டா கீறேன் சவரி. இன்னும் கெளம்பவே இல்ல."